காந்தத்தை இருபது தடவை வெட்டினால்

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரோடு திருக்கோவில் கடற்கரையில் நின்றேன். கையில் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். அதை மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டு, அலை எட்டாத காய்ந்த மணலில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனோம். பத்தடி போவதற்குள் பையின் அடியில் கறுப்புத் தாடி முளைத்துவிட்டது. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைப் பிடித்துக்கொண்டு முள்ளம்பன்றியின் முள் மாதிரி விறைத்து நின்றது. ஒரு தாளுக்கு மேலே பிடித்துக் காந்தத்தை வெளியே எடுத்ததும் தாடி பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த பிறகும் சில மணிகள் ஒன்றையொன்று விடவில்லை. தாளைத் தட்டினாலும் இரண்டு மூன்றாகச் சேர்ந்தே உருண்டன.

அந்த மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் கேட்டான்: “சேர், காந்தத்த ரெண்டா உடைச்சா ரெண்டு காந்தம். அதையும் உடைச்சா நாலு. இப்படியே உடைச்சிட்டுப் போனா கடைசித் துண்டும் காந்தமாத்தான் இரிக்குமா?”

பாடப்புத்தகம் இதற்குப் பாதிப் பதில் சொல்கிறது. எத்தனை தடவை உடைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் வடமுனை, தென்முனை இரண்டும் இருக்கும் என்று சொல்லி அங்கே நிறுத்திவிடுகிறது. ஆனால் உடைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் காந்தத்தின் குணமே மாறுகிறது. இன்னும் உடைத்தால் மறுபடி மாறுகிறது. காந்தப் பொருட்களையும் நானோ அமைப்புகளையும் ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பையனின் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நாமும் வெட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 2 சென்ரிமீற்றர் அகலமான துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக வெட்டுங்கள், பாதியை மறுபடி பாதியாக. பத்தாவது வெட்டில் அகலம் 0.02 மில்லிமீற்றர், தலைமயிரை விட மெல்லிசு. இருபதாவது வெட்டில் ஏறத்தாழ 19 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீற்றர். நம் கைநகம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு நானோமீற்றர் வளர்கிறது. அந்த அளவு உலகத்துக்குப் போக இருபதே இருபது வெட்டுப் போதும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

வெட்டுவதற்கு ஸ்பீக்கர் காந்தம் வேண்டாம். மக்னடைட் என்ற கறுப்புக் கல்லை எடுப்போம். பையில் ஒட்டிய கறுப்பு மணிகளில் நன்றாக இழுபட்டவை அந்த வகைதான். கரையோரக் கறுப்பு மணலென்றால் நம் பக்கத்தில் உடனே இல்மனைட் என்ற பேர் வரும். இல்மனைட் வேறு, மக்னடைட் வேறு. இல்மனைட்டும் இரும்பு கலந்த தாதுதான், ஆனால் சாதாரண வெப்பநிலையில் அது தானாகக் காந்தமாக நிற்காது. பலமான காந்தம் கிட்ட வந்தால் மட்டும் கொஞ்சம் இழுபடும். கனிய மணல் எடுக்கும் புல்மோட்டையில், ரூட்டைல், சேர்க்கன் என்ற வேறு தாதுகளின் மணிகளிலிருந்து இல்மனைட்டைப் பிரிப்பதற்குப் பலமான காந்தங்களைப் பயன்படுத்துவது இதனால்தான்.

சரி, ஒரு கல் ஏன் காந்தமாகிறது? ஒவ்வொரு இலத்திரனும் ஒரு குட்டிக் காந்தம். அதற்கு ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. பம்பரம் சுற்றுவது போல என்று சொல்லிக்கொடுப்போம். அது நினைவில் வைக்கத்தான், உண்மையில் அங்கே எதுவும் சுற்றவில்லை. பெரும்பாலான பொருட்களில் இலத்திரன்கள் சோடி சேர்ந்து, ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்த்து, கணக்கு நேராகிவிடும். இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற சிலவற்றில் சோடி சேராத இலத்திரன்கள் மிஞ்சுகின்றன. மிஞ்சினால் மட்டும் போதாது. பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையைப் பார்க்கவும் வேண்டும். குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுப்பதால்தான் ஒரே திசையில் நிற்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த இழுவை மிகச் சின்னது, அறை வெப்பத்துக்கு முன்னால் அது நிற்கவே நிற்காது. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது குவாண்டம் விதியால் வரும் வேறொரு பிணைப்பு. அயல் அணுக்களின் ஸ்பின்கள் எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்து இலத்திரன்களின் மின் ஆற்றல் கூடவோ குறையவோ செய்கிறது. குறைகிற பக்கத்துக்கே எல்லாம் சாய்கின்றன.

அந்தப் பிணைப்பையும் வெப்பம் ஓர் எல்லைக்கு மேல் உடைத்துவிடும். கொல்லன் பட்டறை பக்கத்தில் இருந்தால் நேரே பார்க்கலாம். கத்தி அடிக்க வைத்த இரும்பு உலையிலிருந்து மஞ்சளாக வரும்போது, நீளக் கம்பி ஒன்றில் கட்டிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்றும் நடக்காது, ஈயத்தைத் தொட்டது போலச் சும்மா கிடக்கும். மஞ்சள் போய், செம்மஞ்சள் போய், செவ்வரத்தம்பூ நிறத்துக்கு வந்து மங்கத் தொடங்கும்போது, டக்கென்று காந்தம் போய் ஒட்டும். இரும்புக்கு அந்த எல்லை 770 பாகை செல்சியஸ். இதை விரிவாக ஆராய்ந்து 1895இல் எழுதிய பியர் கியூரியின் பேராலேயே அதைக் கியூரி வெப்பநிலை என்கிறோம். கடோலினியம் என்ற உலோகத்துக்கு இது ஏறத்தாழ 20 பாகைதான். மட்டக்களப்பு வெயிலில் அதைக் காந்தமாகப் பார்க்க முடியாது. நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் இரவுக் குளிரில் அது காந்தமாகிவிடும்.

மக்னடைட் இரும்பைப் போல அவ்வளவு நேரானதல்ல. அதற்குள் நடப்பதைச் சொல்ல, கொம்புகளைக் கொளுவி இரு பக்கமும் இழுக்கும் நம் ஊர்க் கொம்புமுறி விளையாட்டை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறுபக்கம். இரண்டு சேரியும் சமபலத்தோடு இழுத்தால் கொம்பு அசையாது. வெளியே நிற்பவனுக்கு அங்கே எதுவும் நடக்காதது போலத் தெரியும். சில பொருட்கள் உள்ளுக்குள் இப்படித்தான் இருக்கின்றன: முழு ஒழுங்கு, ஆனால் வெளியே பூச்சியம். மக்னடைட்டிலும் இரும்பு அணுக்கள் இரண்டு சேரியாகப் பிரிந்து எதிரெதிராக இழுக்கின்றன. ஒரு சேரியில் மட்டும் ஆள் கூட. அந்த மிச்சம்தான் வெளியே தெரியும் காந்தம். இதை 1948இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் பிறகு 1970இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பேர் இன்னொரு தடவை வரும்.

இனி வெட்டுக்கு வருவோம். முதல் பத்துப் பதினைந்து வெட்டில் பெரிய மாற்றம் இல்லை. ஏனென்றால் கல்லுக்குள் எல்லா அணுக்களும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதில்லை. வட்டையில் வயல் வரம்பு கட்டிப் பிரிந்து கிடப்பது போல, சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. வரம்புகளுக்கு நடுவே வரும் துண்டு வயலை வரவை என்போம். ஒரு வரவைக்குள் எல்லா அணுவும் ஒரே பக்கம் பார்க்கும். அடுத்த வரவை வேறு பக்கம் பார்க்கும். பியர் வெய்ஸ் என்பவர் 1907இலேயே இப்படி இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஆங்கிலத்தில் டொமைன் என்கிறார்கள். நமக்கு வரவை போதும். கடையில் வாங்கும் ஆணி இரும்பாக இருந்தும் இன்னோர் ஆணியை இழுக்காததற்குக் காரணம், அதன் வரவைகள் நாலாபக்கமும் பார்த்து ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதுதான்.

எதற்காகப் பிரிய வேண்டும்? முழுக்கல்லும் ஒரே திசையில் நின்றால் அதன் காந்தப்புலம் வெளியே பெரிதாகப் பரவும். அதற்கு ஆற்றல் செலவாகிறது. பிரிந்து நின்றால் அந்தச் செலவு மிச்சம். ஆனால் வரம்புக்கும் செலவுண்டு. வரம்பு என்பது கோடு அல்ல, அதற்கு ஓர் அகலம் இருக்கிறது. அந்த அகலத்துக்குள் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி ஒரு திசையிலிருந்து மறு திசைக்கு வருகின்றன. அயலவனோடு ஒத்துப்போகாமல் நிற்கிற அணுக்கள் அவை. வயல்காரருக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். பத்து ஏக்கருக்கு வரம்பு கட்டலாம். பாய் விரிக்கிற அளவு நிலத்துக்கு நடுவில் வரம்பு கட்டினால் வரம்புதான் மிஞ்சும், பயிர் நட இடம் இருக்காது.

மக்னடைட்டுக்கு அந்தப் பாயளவு ஏறத்தாழ 80 நானோமீற்றர். நம் பதினெட்டாவது வெட்டில் 76 நானோமீற்றர் வருகிறது. அங்கே கடைசி வரம்பும் போய்விடுகிறது. முழுத்துகளும் ஒரே வரவை.

இதனால் வரும் மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னதாகச் சின்னதாகக் காந்தம் பலவீனப்படும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது எதிர்மாறு. பெரிய கல்லில் காந்தத்தின் திசையை மாற்றுவது இலேசு, வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனால் போதும். வரம்பே இல்லாத துகளில் தள்ள ஒன்றுமில்லை. எல்லா அணுவும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதனால் இந்த அளவில் துகள் மிகப் பிடிவாதக்காரனாகிவிடுகிறது, வைத்த திசையை இலேசில் விடாது. பழைய பாட்டுக் கசெட்டின் நாடாவில் பூசியிருந்த மண்ணிறப் பூச்சு இப்படிப்பட்ட இரும்பு ஒட்சைட்டு ஊசிகள்தான். பாட்டை வருடக்கணக்காக மறக்காமல் வைத்திருந்தது அந்தப் பிடிவாதம்.

பத்தொன்பதாவது வெட்டு, 38 நானோமீற்றர். இந்த அளவை மனிதன் கண்டுபிடிக்க முன்பே கண்டுபிடித்த ஓர் உயிர் இருக்கிறது. 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற அமெரிக்க ஆய்வாளர், சேற்றுநீரில் ஒரு வகைப் பக்டீரியா எப்போதும் ஒரே திசையில் நீந்துவதைப் பற்றி எழுதினார். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அவை திரும்பின. உள்ளே பார்த்தால், மணிமாலை கோத்தது போல மக்னடைட் படிகங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 35இலிருந்து 120 நானோமீற்றருக்குள். அதைவிடச் சின்னதாகச் செய்தால் திசை நிலைக்காது (ஏன் என்று அடுத்த வெட்டில் வருகிறது). மிகப் பெரிதாகச் செய்தால் வரம்பு விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத உயிர் சரியான அளவில் நிறுத்தியிருக்கிறது.

இந்தப் பக்டீரியாக்களுக்கு ஒட்சிசன் குறைவான சேறுதான் வீடு. வட அரைக்கோளத்தில் பூமியின் காந்தக்கோடுகள் வடக்கு நோக்கிக் கீழே சரிகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே நீந்தினால் சேற்றுக்குள் போய்ச் சேரலாம். தெற்கே எதிர்மாறு. இனி நம் ஊரை நினையுங்கள். லண்டனில் தொங்கவிட்ட காந்த ஊசி 66 பாகை அளவுக்குக் கீழே சரியும். மட்டக்களப்பில் ஏறக்குறைய கிடையாகவே நிற்கும், ஏனென்றால் காந்த மத்தியகோடு நமக்கு மிக அருகில் போகிறது. 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவைத் தெரிந்தெடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அப்படியானால் மேலும் இல்லாத கீழும் இல்லாத இடத்தில் பக்டீரியா எந்தப் பக்கம் போகும்? பிரேசிலில் காந்த மத்தியகோட்டுக்கு அருகிலுள்ள போர்ட்டலேசாவில் பார்த்தார்கள். வடக்கே போகிறவையும் தெற்கே போகிறவையும் ஏறத்தாழச் சரிபாதி. 1981இல் அது வெளியானது.

நம் வாவிக்கரையிலும் தேடிப் பார்க்கலாம். கெட்ட முட்டை வாசம் வருகிற கறுப்புச் சேற்றைக் கொஞ்ச வாவித் தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து, மூடியைத் தளர்வாக வைத்து, வெயில் படாத இடத்தில் சில நாள் விடுங்கள். பிறகு சேற்றுக்குச் சற்று மேலே போத்தலின் பக்கத்தில் காந்தத்தை ஒட்டி, ஒரு மணித்தியாலம் கழித்து அந்த இடத்திலிருந்து ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். துளியின் ஓரத்தில் கூட்டமாக ஒதுங்குகிறவை, காந்தத்தைத் திருப்பியதும் தாமும் திரும்பினால், அவைதான். பாடசாலை ஆய்வுகூடமே போதும்.

இருபதாவது வெட்டு. 19 நானோமீற்றர்.

இங்கே இரண்டாவது மாற்றம். பிடிவாதக்காரனாக நின்ற துகள் திடீரென்று எதையும் நினைவில் வைக்காததாகிவிடுகிறது. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். பெரிய வள்ளம் ஒன்றை அலை அசைக்கும், கவிழ்க்காது. கைப்பிடி அளவுக்கு ஒரு தோணி செய்து மிதக்கவிட்டால் அதே அலை அதைப் புரட்டிப் புரட்டிப் போடும். துகளுக்கு அலை என்பது வெப்பம். அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. துகள் பெரிதாக இருக்கும்வரை அந்த அதிர்வால் அதன் வடக்கையும் தெற்கையும் மாற்ற முடியாது. துகளின் கன அளவு ஓர் எல்லைக்குக் கீழே போனதும் முடிகிறது.

அந்த எல்லை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இரும்புத் துகளின் கணக்கு ஒன்று. அறை வெப்பத்தில் 30 நானோமீற்றர் விட்டமான இரும்பு உருண்டை தன் திசையைச் சராசரியாக 30 வருடம் வைத்திருக்கும். 23 நானோமீற்றர் உருண்டையோ 0.1 செக்கனில் மறந்துவிடும். ஏழே ஏழு நானோமீற்றர் வித்தியாசம். ஒரு பக்கம் அரை ஆயுள், மறுபக்கம் கண் இமைக்கிற நேரம். பொருள் அதே இரும்பு, வெப்பநிலை அதே வெப்பநிலை. நான் இதைப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் கரும்பலகையில் அந்த இரண்டு எண்களையும் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். இந்தக் கணக்கின் அடிப்படையை 1949இல் போட்டவரும் லூயி நீல்தான்.

இந்த நிலையில் துகள் காந்தமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே அணுக்கள் இன்னும் ஒன்றாகத்தான் நிற்கின்றன, ஒன்றாகவே புரள்கின்றன. வெளியே ஒரு காந்தத்தைக் காட்டினால் எல்லாத் துகளும் உடனே பலமாக அதன் பக்கம் திரும்பும். எடுத்தால் உடனே கலைந்துவிடும். இதற்குச் சூப்பர்பராகாந்தம் என்று பேர். தாளில் கொட்டிய பிறகும் ஒன்றையொன்று விடாமல் உருண்ட மணல்மணிகளை நினையுங்கள். இந்த அளவுத் துகள்களில் அந்த ஒட்டல் இருக்காது.

ஒட்டாத குணத்துக்குத்தான் வைத்தியத்தில் மதிப்பு. இரத்தத்தில் செலுத்தும் துகள் ஒன்றோடொன்று கட்டிபட்டால் நாளம் அடைத்துவிடும். கட்டிபடாத இரும்பு ஒட்சைட்டுத் துகள்களைச் சர்க்கரை வகைப் பூச்சோடு செலுத்தி, எம்.ஆர்.ஐ. படத்தில் ஈரலைத் தெளிவாகப் பார்க்கப் பயன்படுத்தினார்கள். புற்றுக்கட்டிக்குள் இவற்றை வைத்து, வேகமாகத் திசை மாறும் காந்தப்புலத்தால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கும் சிகிச்சையும் ஆய்வில் இருக்கிறது. தண்ணீரிலும் உதவும். 2006இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 12 நானோமீற்றர் மக்னடைட் துகள்கள் தண்ணீரிலுள்ள ஆசனிக்கைப் பற்றிக்கொள்வதையும், பிறகு சாதாரண காந்தத்தாலேயே அவற்றை ஒதுக்கி எடுக்க முடிவதையும் காட்டினார்கள். பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது.

கணினிக்காரருக்கு இதே குணம் எதிரி. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு தகவலும் சில காந்த மணிகளின் திசையாக எழுதப்படுகிறது. 1956இல் ஐபிஎம் செய்த முதல் டிஸ்க், 50 பெரிய தட்டுகளில் ஏறத்தாழ 4 மெகாபைட்டுத்தான் கொண்டது. இன்று ஒரு வட்ஸ்அப் வீடியோவுக்கே அது காணாது. இடத்தை மிச்சம்பிடிக்க மணியைச் சின்னதாக்கிக்கொண்டே வந்தார்கள், இப்போது ஏறத்தாழ 8 நானோமீற்றர். இரும்பு மணியாக இருந்தால் அந்த அளவில் கண நேரத்தில் மறந்துவிடும். கோபால்ட், பிளாட்டினம் கலந்த உலோகத்துக்கு இயல்பாகவே பிடிவாதம் கூட என்பதால் தாங்குகிறது. எந்தப் பொருளை எந்த அளவில் எடுப்பது என்பதே இந்த ஆய்வில் பாதி வேலை. அவ்வளவு சின்ன எழுத்தை வாசிப்பது இன்னொரு பிரச்சினை. சில அணுக்கள் தடிப்பில் இரும்பையும் குரோமியத்தையும் மாறிமாறி அடுக்கினால், காந்தப்புலம் மாறும்போது மின்தடை பெரிதாக மாறும் என்று 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜேர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டார்கள். 1997இல் அது கடைக்கு வந்த டிஸ்க்கில் ஏறிவிட்டது. 2007இல் இருவருக்கும் நோபல்.

இவ்வளவையும் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பீர்கள். துகள் செய்வது அவ்வளவு கடினமல்ல. இரண்டு வகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு விகிதத்தில் கரைத்து அமோனியாக் கரைசலை ஊற்றினால், செம்மஞ்சள் நீர் கண்முன்னே கறுக்கும். அந்தக் கறுப்பே மக்னடைட் துகள்கள். அதில் கொஞ்சத்தைக் காந்தப்புலத்தில் வைத்து அதிரவிட்டு, பக்கத்துக் கம்பிச்சுருளில் எழும் மின்னைப் பார்ப்பார்கள். புலத்தைக் கூட்டி, குறைத்து, எதிர்ப்பக்கம் கொண்டுபோய்த் திரும்ப வந்தால் தாளில் ஒரு வளையம் விழும். வளையம் கொழுத்திருந்தால் துகள் பிடிவாதக்காரன். இலேசான வளைகோடு மட்டும், நடுவில் இடைவெளியே இல்லை என்றால் இருபதாவது வெட்டைத் தாண்டியாயிற்று. சந்தியில் கரண்ட் கம்பத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமரின் இரும்புக்கு இந்த வளையம் மெலிந்திருக்க வேண்டும். அது செக்கனுக்கு 50 தடவை அந்த வளையத்தைச் சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் வளையத்தின் பரப்பளவு வெப்பமாக வீணாகிறது.

திருக்கோவிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்தப் பையன் ஃபோன் கல்குலேட்டரில் வெட்டிக்கொண்டே வந்தான். இருபத்து நான்காவது வெட்டில் 1.2 நானோமீற்றர், அங்கே பெரும்பாலான அணுக்கள் மேற்பரப்பிலேயே நிற்கின்றன, உள்ளே என்று சொல்ல இடமே குறைவு, அயலவர் குறைந்த அணுக்கள் வேறு விதமாக நடக்கின்றன. இருபத்தாறாவது வெட்டில் 0.3 நானோமீற்றர் என்று திரையைக் காட்டினான். அது ஏறக்குறைய ஓர் அணு. 2017இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கடுங்குளிரில், மக்னீசியம் ஒட்சைட்டின் மேலே ஒற்றை ஹொல்மியம் அணுவை வைத்து, அதன் காந்தத் திசையை மேலும் கீழும் மாற்றி எழுதி, எழுதியதை வாசித்தும் காட்டினார்கள் என்று சொன்னேன்.

“அப்ப கடைசித் துண்டும் காந்தந்தான் சேர்,” என்றான்.

குளிரில் வைத்திருந்தால், என்றேன்.